அமைதியாகப் படுத்திருப்பவரைத்தான் கவனிக்க வேண்டும்

காய்ச்சல் முற்றி ஒருவர் பிதற்றினால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பார்கள். மருத்துவர்கள் டெலிரியம் என்று சொல்லும் திடீர் மனக்குழப்பத்துக்கு அது நெருங்கிய சொல்தான். ஆனால் ஜன்னி என்றதும் கத்துவதும் குழாயைப் பிடுங்குவதும்தான் நினைவுக்கு வரும். ஐசியூவில் அதைவிட அதிகம் காணப்படுவது அமைதியான வகை. கூப்பிட்டால் மெல்லக் கண் திறப்பார், மறுபடி எங்கோ வெறிப்பார். ‘தொந்தரவே இல்லாத பேஷன்ட்’ என்று பெயர் வாங்கிவிடுவார். சோதித்துப் பார்க்காவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

சரி, வாயில் வென்டிலேட்டர் குழாய் இருப்பவரை எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ் ஈலியின் குழு 2001இல் வெளியிட்ட கேம்-ஐசியூ சோதனை, பேச்சையே கேட்பதில்லை, கையைத்தான் கேட்கிறது.

முதலில் விழிப்பு நிலைக்கு +4 (கடும் கொந்தளிப்பு) முதல் −5 (எதற்கும் அசையாத நிலை) வரை மதிப்பெண். குரலுக்கே அசையாதவர் என்றால் சோதனையை நிறுத்திவிட்டு அப்புறம் வர வேண்டும். விழிப்பு ஓரளவு இருந்தால், மனநிலையில் திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா என்று பார்ப்பார்கள். அடுத்ததுதான் முக்கியமானது. “ஐயா, ‘ஏ’ன்னு கேட்டா மட்டும் என் கையை அழுத்துங்க” என்று சொல்லிவிட்டு, நர்ஸ் பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ‘ஏ’யைத் தவறவிட்டாலும் பிழை, வேறு எழுத்துக்கு அழுத்தினாலும் பிழை. இரண்டுக்கு மேல் போனால் கவனம் நிற்கவில்லை என்று பொருள். நினைவை விட்டுவிட்டுக் கவனத்தைச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு: மறதிநோயின் தொடக்கத்தில் நினைவு போனாலும் கவனம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்; டெலிரியத்தில் கவனம்தான் முதலில் சிதறும்.

இவற்றோடு விழிப்பு நிலை இயல்பாக இல்லையென்றால் டெலிரியம்தான். விழிப்பு சரியாக இருந்தால், ‘கல் தண்ணீரில் மிதக்குமா?’ போன்ற எளிய கேள்விகள், தலையாட்டினால் போதும்; பதில்கள் குழம்பினால் அதுவும் டெலிரியம்தான். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை.

காலை ரவுண்ட்ஸில் தெளிவாக இருப்பவர் நள்ளிரவில் குழம்பிவிடலாம். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்க வேண்டும். இத்தனை அக்கறை எதற்கு என்றால், டெலிரியம் நீண்டவர்களுக்கு ஓராண்டு கழித்தும் நினைவும் சிந்தனையும் மந்தமாக இருந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து கொடுத்து அடக்கிவிடலாமே என்றால், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மருந்து டெலிரியம் நீடிக்கும் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2018இல் தெரிந்துபோனது. எனவே காரணத்தைத் தேட வேண்டும்: தொற்று, ஆக்சிஜன் குறைவு, வலி, தூக்கமின்மை, மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள். சில நேரம், வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும்கூட.

அந்தத் ‘திடீர் மாற்றம்’ என்ற முதல் கேள்விக்கு ஐசியூவில் யாருக்கும் சரியான பதில் தெரியாது. “அப்பா எப்பவும் இப்படி இருக்க மாட்டார், சிஸ்டர்” என்று சொல்ல, வெளியே நாற்காலியில் காத்திருக்கும் மகளால்தான் முடியும்.