குரலைத் தாழ்த்தும் வேர்

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் இருட்டத் தொடங்கியதும் சில சந்துகளின் முகப்பில் ஒற்றை விளக்கு எரியும். காவா என்ற வேர்ப்பானம் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே மரப்பெஞ்சுகளும் மங்கிய வெளிச்சமும். இந்த இடத்தை நகமால் என்பார்கள். காசு கொடுத்தால் கொட்டாங்குச்சியிலோ கிண்ணத்திலோ சேற்றுத் தண்ணீர் நிறத்தில் ஒரு பானம் வரும். வாங்கியவர் நாலடி தள்ளிப் போய் ஒரே மூச்சில் குடிப்பார், காறித் துப்புவார், அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். கூட்டம் இருந்தாலும் பேச்சு கிசுகிசுப்பாகத்தான் இருக்கும்.

இரைச்சலான நகரத்து பாரில் நடப்பது இதற்கு நேர் எதிர். சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரல் தானாகவே உயரும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே இதை லொம்பார்ட் விளைவு என்கிறோம். ஒரு மேசை கத்த, அடுத்த மேசை அதற்கு மேல் கத்த, பாட்டுச் சத்தமும் கூடவே ஏறும். பேச முடியாதபோது கை கோப்பையைத் தேடிப் போகிறது. 2008இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பாரின் இசையை 72 டெசிபலிலிருந்து 88க்கு ஏற்றியதும் ஆண்கள் ஒரு கிளாஸ் பீரை ஏறக்குறைய மூன்று நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். சத்தமும் சாராயமும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

காவா எப்படி இந்தச் சுழலுக்குள் சிக்காமல் இருக்கிறது?

செடியிலிருந்து தொடங்கலாம். காவா நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் திப்பிலிக்கும் பங்காளி. இதய வடிவ இலையைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். விதையில் முளைக்காது, தண்டை வெட்டித்தான் நட வேண்டும். சரக்கு இருப்பது வேரில்: காவாலாக்டோன்கள் என்ற வேதிப்பொருள்கள், அவற்றில் முக்கியமானவை ஆறு. இவை தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் இடித்த வேரைத் துணியில் முடிந்து, தண்ணீருக்குள் அமுக்கி, பிசைந்து, பிழிகிறார்கள். துருவிய தேங்காயிலிருந்து பால் எடுக்கும் அதே கைவேலைதான். கரையாத பொருள் நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்க, பானம் கலங்கித் தெரிகிறது.

முதல் வேலை வாயில். பல் பிடுங்கும்போது போடும் ஊசி மாதிரி நாக்கும் உதடும் மரத்துப்போகும். நரம்பு செய்தி கடத்தப் பயன்படுத்தும் சோடியம் வாய்க்கால்களைக் காவாலாக்டோன்கள் அடைப்பதே காரணம். பிறகு மூளை. அங்கே காபா என்ற வேதித்தூதன் பிரேக் போடும் வேலையைப் பார்க்கிறது. காவா அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கிறது. மதுவும் காபாவைத் தொடுகிறதுதான், ஆனால் கூடவே வேறு பல இடங்களிலும் கைவைத்து, கட்டுப்பாட்டையும் அவிழ்த்துவிடுகிறது. அளவாகக் குடித்த காவாவில் தசை தளரும், பதற்றம் அடங்கும், புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கண்மணி விரிவதால் வெளிச்சம் கூசும். சத்தமும் உறுத்துகிறது என்பார்கள் குடிப்பவர்கள். அதனால்தான் நகமாலில் விளக்கு மங்கலாக இருக்கிறது, குரல் தாழ்ந்திருக்கிறது. குடித்த உடம்பே அந்த இருட்டையும் அமைதியையும் கேட்கிறது.

பிஜியில் இதே வேர் யங்கோனா. அங்கே கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து, குடிக்கும் முன் ஒருமுறையும் குடித்தபின் மூன்றுமுறையும் கை தட்டுவார்கள். 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த வட்டத்தில் உண்டு.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லீரல் பாதிப்புப் புகார்களால் ஜெர்மனி 2002இல் காவா மருந்துகளுக்குத் தடை போட்டது. 2014இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் புகார்களில் பெரும்பாலானவை கரைப்பான் கொண்டு சாறெடுத்த மாத்திரைகளைப் பற்றியவை. ரகமும் முக்கியம். டூடே என்ற ரகத்தின் பெயருக்கே இரண்டு நாள் என்று அர்த்தம், மயக்கம் அவ்வளவு நீளும். அதை ஏற்றுமதி செய்ய வனுவாட்டு சட்டம் அனுமதிப்பதில்லை. கல்லீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை போடுபவர்களும் காவா பக்கமே போகக்கூடாது. மதுவோடு கலக்கக்கூடாது, குடித்துவிட்டு வண்டியும் ஓட்டக்கூடாது.

ஃப்ளோரிடா தொடங்கி அமெரிக்க நகரங்களில் இப்போது காவா பார்கள் நிறைய. மது வேண்டாம், ஆனால் நாலு பேரோடு மாலையில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல விஷயம். சில கடைகளில் கிராட்டம் என்ற இலையையும் சேர்த்து விற்கிறார்கள். அது ஓபியம் வேலை செய்யும் அதே ஏற்பிகளைத் தொடுவது, அடிமையாக்கக்கூடியது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது தவறு. பெரிய திரையில் விளையாட்டு அலறும் காவா பார்களும் உண்டு. வேரைக் கொண்டுவந்தவர்கள் அந்த ஒற்றை விளக்கைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள்.

போர்ட் விலாவில் பலரும் வெறும் வயிற்றில் இரண்டு மூன்று சிரட்டை குடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.