ஓய்வு அல்ல, தாங்கி

சுடும்போது துப்பாக்கியை ஏந்தி நிற்கும் ‘துப்பாக்கி ரெஸ்ட்’ என்பதைத் ‘துப்பாக்கி ஓய்வு’ என்று எழுதுவதை இனியாவது விட வேண்டும். குன்னூர், வெலிங்டன் பக்கம் சுடப் பழகும் பிள்ளைகளுக்குத் தரும் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. என்.சி.சி. அணிவகுப்பில் ‘விஷ்ராம்’ (ஓய்வாக நில்) என்ற கட்டளை கேட்டுப் பழகிய பிள்ளை, ‘துப்பாக்கியை ஓய்வில் வை’ என்று படித்தால் கீழே வைத்துவிடும். சொல்ல வந்ததோ, குறி பார்க்கையில் எடையைக் கை சுமக்காமல் வேறொன்று சுமக்க வேண்டும் என்பது.

ஆங்கிலச் சொல்லுக்கு ஓய்வு, ஊன்றுதல் இரண்டும் பொருள். 16ஆம் நூற்றாண்டின் கனத்த மஸ்கட் துப்பாக்கியை ஊன்றிச் சுட்ட கவைக்கோலுக்கும் அதே பெயர்தான். தமிழில் குழப்பமே இல்லை: சுமைதாங்கிக் கல்லில் ஓய்வு ஆளுக்கு, தாங்கல் சுமைக்கு. ஆகவே தாங்கி.

‘நிலைநிறுத்தி’ என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல தமிழ்தான், ஆனால் தவறான தமிழ். அந்தச் சொல்லைக் கேட்டவர் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கத்தான் பார்ப்பார். தாங்கி இறுக்கவே கூடாது. சுட்டதும் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நேர்பின்னே வழுக்கி வரவேண்டும். முன்தாங்கியான மணல் பை, குழலை ஏந்தும் முன்கட்டைக்கு அடியில். குழலுக்கு அடியில் கொடுத்தால் குழலின் அதிர்வு மாறிக் குண்டு வேறிடம் போகும். மேசை விளிம்பிலோ பாறையிலோ வெறுமனே வைத்தால் கட்டை துள்ளும், குண்டு பெரும்பாலும் மேலே ஏறும். வார் மாட்டும் வளையம் பையில் இடிக்காமல் பார்க்க வேண்டும். பின்தாங்கி, தோளில் பதியும் தோள்கட்டைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை. அதை இடது கையால் அமுக்கியும் தளர்த்தியும் உயரம் பிடிக்கலாம். இரு தாங்கிக்கும் இடைவெளி அரை மீட்டர் என்று கொள்ளுங்கள். தோள்கட்டை 1 மி.மீ. உயர்ந்தால் 25 மீட்டரில் குண்டு 50 மி.மீ. கீழே விழும். இத்தனை நுட்பத்தையும் ‘நிலைநிறுத்தி’ மறைத்துவிடுகிறது.

அகராதியில் முதலில் கிடக்கும் பொருளை எடுத்துப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள், குப்புறப் படுத்து ஒருவர் சுடுவதை ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மணல் பையை ‘மணல் மெத்தை’ ஆக்கியிருக்கிறார்கள். மெத்தென்று இருந்தால் அமுங்கும், குண்டுக்குக் குண்டு உயரம் மாறும். காய்ந்த மணலைக் கெட்டியாக அடைத்ததுதான் பை. மூடுபனிக் காலத்தில் அதை இரவில் வெளியே போட்டுவைக்கக் கூடாது. ஈரம் ஏறினால் மணல் கட்டிதட்டி, மறுநாள் அதுவும் பாறை மாதிரியே துள்ளவைக்கும்.