கடைசி நாலு இலக்கத்தை மறைத்தால் போதாது

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், கோயில் சங்கத்துக்குப் படிவம் அனுப்பும்போதும் அடையாள எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை மறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் டர்பனில் பலர். அது காவல் ஆகாது. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நாலு 5000-க்குக் கீழே என்றால் பெண், இல்லையென்றால் ஆண். பதினொன்றாவது குடியுரிமை: குடிமக்களுக்கு 0, நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்கு 1. பன்னிரண்டாவது பெரும்பாலும் 8. கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. ஆக, நீங்கள் மறைத்த நாலில் உண்மையாகவே தெரியாமல் இருப்பது பத்தாவது இலக்கம் ஒன்றுதான்; குடிமகன் என்று தெரிந்தால் பத்து ஊகத்தில் முழு எண்ணும் கிடைத்துவிடும். மறைக்க வேண்டியது ஏழிலிருந்து பத்துவரை.

அதையும் முழுசாக நம்பக் கூடாது. 2020-இல் மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனத்திடம் வாடிக்கையாளர் போல நடித்த ஒருவர் கைக்கு 2 கோடியே 40 லட்சம் பேர் வரையிலான விவரங்கள் போயின. உங்கள் எண் ஏற்கெனவே வெளியே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, பூட்டை வேறு இடத்தில் போடுங்கள்.

முதலில் வங்கியின் பாதுகாப்புக் கேள்விகள். தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் நம்மிடையே ரகசியமே இல்லை. நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். போதாததற்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் மரண அறிவித்தலில் தாய்மாமன் பெயர்வரை இருக்கும். அந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லைப் பதிலாகக் கொடுத்து, வீட்டில் தாளில் எழுதி வையுங்கள்.

இப்போது சிம் மாற்று மோசடி. பணம் முழுக்கப் போகக்கூடிய வழி இது என்பதால் நிதானமாகப் படியுங்கள். திருடன் உங்கள் பெயரில், உங்கள் எண்ணுக்கே புது சிம் வாங்கினால் உங்கள் போனில் சிக்னல் போய்விடும். வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) அவனுக்கு வரும். வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் சிறிது நேரம் வழக்கம்போல ஓடுவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. மின்வெட்டு நேரத்தில் டவர் பேட்டரி தீர்ந்து சிக்னல் போவதும் நமக்குப் பழகிவிட்டது, அந்தப் பழக்கம்தான் ஆபத்து. சோதிக்க எளிய வழி உண்டு: அதே நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் சிக்னல் இருந்து உங்களுடையதில் இல்லை என்றால், போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

முதல் அழைப்பு வங்கிக்கு, சிம் நிறுவனத்துக்கு அல்ல. வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை வேறொருவர் போனிலிருந்து அழைத்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு சிம். பிறகு போலீஸில் புகார் செய்து வழக்கு எண் வாங்குங்கள். அது இல்லாமல் வங்கியிடம் வாதாடுவது கஷ்டம்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை: வங்கி அனுமதி தந்தால் ஓடிபி-க்குப் பதிலாக அதன் செயலியிலேயே ஒப்புதல் தரும் முறைக்கு மாறுங்கள். ஜிமெயிலின் இரண்டாம் பூட்டை எஸ்எம்எஸ்ஸிலிருந்து, போனிலேயே குறியீடு உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள்; மின்னஞ்சல் பறிபோனால் மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் அதன் வழியே மாற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு என்று போய் ஆறு இலக்கப் பின் (PIN) எண் வையுங்கள், மீட்பு மின்னஞ்சலும் சேருங்கள். சிம் அட்டைக்குப் பின் எண் வைப்பதும் நல்லதுதான். ஆனால் அது போன் திருட்டுக்கு மட்டும், சிம் மாற்றைத் தடுக்காது. சிம் மாற்றவோ எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவோ விண்ணப்பம் வந்ததாக எஸ்எம்எஸ் வந்தால் அந்தக் கணமே நிறுவனத்தை அழைத்து மறுப்புச் சொல்லுங்கள்.

குடியிருப்பு வாசலில் காவலர் அடையாள அட்டையை ஸ்கேன் செய்யக் கேட்டால், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (போப்பியா), தேவைக்கு மேல் விவரம் வாங்கக் கூடாது என்கிறது. பதில் சரியில்லை என்றால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

அட்டை தொலைந்தாலோ எண் கசிந்தது உறுதியானாலோ, தென்பகுதி ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் (SAFPS) பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை. அதன்பின் உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், அதன் உறுப்பினரான நிறுவனங்களுக்கு எச்சரிக்கை தெரியும்.