ரெசிட்யூ – எச்சம்

பாலையும் குழந்தைகளுக்கான பால் பவுடரையும் சோதிக்கும் ஆய்வக அறிக்கைகளில் 'ரெசிட்யூ' என்ற சொல் தவறாமல் வரும். மாட்டுக்குப் போட்ட மருந்தோ தீவனப் பயிரில் தெளித்த பூச்சிக்கொல்லியோ தன் வேலை முடிந்த பிறகும் சிறிதளவு பாலில் தங்கிவிடுகிறது, அதுதான் ரெசிட்யூ. அந்த மருந்து மாட்டின் உடலுக்குள் சிதைந்து உண்டாக்கும் பொருள்களும் இதில் சேரும்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'ரெ' என்றால் பின். 'செடேரே' என்றால் உட்கார்தல். மற்றவை போன பின்னும் உட்கார்ந்திருப்பது என்று பொருள். வண்டலைக் குறிக்கும் 'செடிமென்ட்' இதே வேரிலிருந்து வந்ததுதான்.

தமிழில் இதற்கு 'எச்சம்' என்பதே சரியான சொல். அஞ்சு – அச்சம், மிஞ்சு – மிச்சம் என்பதுபோல எஞ்சு – எச்சம். பொருள் முடியாமல் எஞ்சி நிற்பதால்தான் இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்கிறோம். பறவையின் எச்சம் நினைவுக்கு வருகிறது என்று சிலர் இச்சொல்லைத் தவிர்க்கிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. 'மருந்து எச்சம்', 'பூச்சிக்கொல்லி எச்சம்' என்று முன்சொல் சேர்த்துவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. செய்திகளில் எச்சம், மாசு, கலப்படம் மூன்றையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். மடிநோய்க்குப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டு, காத்திருக்க வேண்டிய நாள்கள் கழியுமுன் கறந்த பாலில் இருப்பது எச்சம். பூஞ்சை பிடித்த தீவனத்தில் உள்ள அஃப்லாடாக்சின் பி1 என்ற நஞ்சு, மாட்டின் உடலில் அஃப்லாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. அதை யாரும் பயன்படுத்தவில்லை, தானாக வந்து சேர்ந்தது. ஆகவே அது மாசு. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது.

2008இல் சீனாவில் பால் பவுடரில் இருந்த மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளோ அப்பட்டமான கலப்படம். புரத அளவைக் கணிக்கும் கெல்டால் முறை நைட்ரஜனைத்தான் அளக்கும். அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று பார்க்காது. மெலமைனின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தால் புரதம் நிறைந்த பாலாகக் கணக்கு காட்டும். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. அதை 'எச்சம்' என்று எழுதினால் செய்த குற்றம் மறைந்துபோகும்.

எச்சத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு தொடர் 'மேக்சிமம் ரெசிட்யூ லிமிட்'. இதை 'எச்ச உச்ச வரம்பு' எனலாம். பாலில் பென்சிலினுக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வகுத்த வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அதாவது 100 கோடியில் 4 பங்கு. இந்த நுண்ணளவைக் குறிக்கும் 'டிரேஸ்' என்பதற்குச் 'சுவடு' பொருத்தமாக அமைகிறது. கைக்குழந்தைக்குப் பால் ஒன்றே உணவு. உடல் எடையோடு ஒப்பிட்டால் அது குடிக்கும் அளவும் பெரியவர்களைவிட மிக அதிகம். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைப் பால் பவுடரைக் கரைத்துக் குடிக்கத் தயாரித்த பாலில் பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பொதுவரம்பு வைத்திருக்கிறது.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் எச்சம் அறவே இல்லை என்று கொள்ளக் கூடாது. அந்தக் கருவியால் காணக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த அளவு எவ்வளவு என்பதும் அறிக்கையில் அச்சாகியிருக்க வேண்டும்.