ஒரே தீவு, மூன்று கடல்: பார்படோஸில் கடற்கரை பார்த்துப் போவது எப்படி

பார்படோஸின் மேற்குக் கரையில் பெய்ன்ஸ் பே என்று ஒரு கடற்கரை. சாதாரண நாளில் அங்கே கடல் கோயில் குளம் போலக் கிடக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரியும். அதே நேரத்தில் கிழக்குக் கரையின் பாத்ஷீபாவில் ஆளுயர அலைகள் பாறையில் மோதிச் சிதறிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். இந்தத் தீவைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த பத்துக் கடற்கரைகள்’ பட்டியல்களில் பெரும்பாலும் இந்த இரண்டுமே இருக்கும். எந்த நாளில், எதற்காக என்று மட்டும் இருக்காது. குளிக்க வேண்டும் என்று நினைத்துப் பாத்ஷீபாவுக்குப் போனவர் கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

டி20 உலகக் கோப்பையை 2024 ஜூனில் இந்தியா வென்ற கென்சிங்டன் ஓவல் இந்தத் தீவில்தான் இருக்கிறது. பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய சென்னை மாநகராட்சி அளவு. அட்சரேகையும் சென்னையுடையதே, வடக்கே 13 டிகிரி. மற்ற கரிபியன் தீவுகள் வில்போல வரிசையாக நிற்க, பார்படோஸ் மட்டும் அந்த வரிசையிலிருந்து சுமார் 160 கி.மீ. கிழக்கே அட்லாண்டிக்குக்குள் தனியாகத் தள்ளி நிற்கிறது. இந்தத் தனிமைதான் முக்கியம். கிழக்கே பார்த்தால் ஆப்பிரிக்கா வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் வெறும் தண்ணீர். அந்தப் பரப்பு முழுவதும் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆண்டின் பெரும்பகுதி விடாமல் வீசுகிறது. நம் கரையில் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் மேற்கிலிருந்து வரும் கச்சானும் பருவம் பார்த்து இடம் மாறிக்கொள்ளும். அங்கே கொண்டல்தான் நிரந்தரக் குடியிருப்பு.

காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் தண்ணீரை உரசுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். அப்படி வளர்ந்து வருவதை நேராக வாங்குவது கிழக்குக் கரை. மேற்குக் கரை தீவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தெற்குக் கரைக்கு அலை சாய்வாக வந்து சேர்கிறது. அதனால் அது இரண்டுக்கும் நடுத்தரம். படுத்துக் கிடக்கவும் குழந்தைகளை இறக்கவும் மேற்கு, அலையோடு விளையாடத் தெற்கு, பார்த்து வியக்கக் கிழக்கு. முக்கால்வாசி நாட்களுக்கு இந்தக் கணக்கே போதும். மீதிக் கால்வாசி நாட்களில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

ஏமாற்றுவது அலையின் கால இடைவெளி. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை விநாடி என்பதுதான் அது. ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் அந்த விநாடியை அதனாலேயே பெருக்கி, 1.56-ஆல் இன்னொரு முறை பெருக்குங்கள். வியாபாரக் காற்று எழுப்பும் அலைக்கு 7 விநாடி என்று வைத்தால் நீளம் சுமார் 76 மீட்டர். 14 விநாடி அலைக்கு 306 மீட்டர். நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். முதல் வகைக்கு அது 38 மீட்டர் ஆழம், இரண்டாவதற்கு 153 மீட்டர். தரை தட்டுப்படும் பக்கம் வேகம் குறைவதால் அலை அந்தப் பக்கமாக வளையும். கரைக்கு வெகு தூரத்திலேயே தரையை உணர்ந்துவிடும் நீண்ட அலை, தீவின் வட முனையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்குள் நுழைந்துவிடும். குட்டை அலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இந்த நீண்ட அலைகள் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை வட அட்லாண்டிக் புயல்களிலிருந்து கிளம்பி வருகின்றன. புயல் 2,500 கி.மீ. தொலைவில் இருக்கும், பார்படோஸில் வெயில் அடிக்கும், காற்றும் வழக்கம் போலத்தான் இருக்கும். ஆனால் பெய்ன்ஸ் பேயில் திடீரென்று அலை எழும்பும். கன்னியாகுமரிப் பக்கம் ‘கள்ளக்கடல்’ என்று சொல்கிறோமே, அதே வேலைதான். அங்கே தென் இந்தியப் பெருங்கடலிலிருந்து வருகிறது, இங்கே வடக்கிலிருந்து. 14 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் நகரும். 2,500 கி.மீ. கடக்க இரண்டரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் முன்னறிவிப்பு நன்றாகவே கிடைக்கிறது. அலை முன்னறிவிப்புத் தளத்தில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். திசையையும் விநாடியையும் சேர்த்துப் பாருங்கள். வடக்கு அல்லது வடமேற்கு, 12 விநாடிக்கு மேல், ஒன்றரை மீட்டருக்கு மேல் என்று மூன்றும் ஒன்று சேர்ந்தால் மேற்குக் கரையில் முகமூடி மாட்டி மீன் பார்க்கும் திட்டத்தைத் தள்ளிவைக்கலாம். அலை அடங்கிய பிறகும் தண்ணீர் இரண்டு மூன்று நாள் பால் கலந்ததுபோல் இருக்கும். கரை மணலில் ஒரு பகுதி கடலுக்குள் போய், அடியிலிருந்த பாறை வெளியே தெரியும். படம் பார்த்து அறை பதிவு செய்தவர் ‘மணலே இல்லையே’ என்று கோபப்படுவது இந்த வாரங்களில்தான். சிற்றலைகள் அந்த மணலை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவந்து போடும்.

புயல்களில் அடங்காப்பிடாரி ஒன்றும் உண்டு. 1999 நவம்பரில் வந்த லென்னி, வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. எப்போதும் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிக் கட்டிய மேற்குக் கரைகளையே அதன் அலைகள் தாக்கின. கிழக்குக் கரிபியன் முழுக்க அந்தச் சேதம் இன்னும் பேசப்படுகிறது.

மணல் விஷயத்துக்கு வருவோம். தீவின் சுமார் 85 சதவீதம் பவளச் சுண்ணாம்புக்கல் போர்த்திய நிலம். மழைநீர் ஆறாக ஓடாமல் கல்லின் துளைகளில் இறங்கிவிடுகிறது. ஆறு இல்லாததால் வண்டல் இல்லை, வண்டல் இல்லாததால் தண்ணீர் தெளிவு. மேற்கு, தெற்குக் கரைகளின் வெளிர்மணல் பவளமும் கிளிஞ்சலும் உடைந்து பொடியானது. அதில் கிளிமீனின் பங்கும் உண்டு: பாசிக்காகப் பவளத்தைக் கடித்து அரைத்து, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கும் மீன் அது. நீங்கள் படுத்திருக்கும் மெத்தையில் ஒரு பகுதி எப்படி வந்தது என்பதை ஹோட்டல் விளம்பரங்கள் சொல்வதில்லை.

நம்பாதவர்கள் ஒரு சிட்டிகை மணலை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ நான்கு சொட்டு விடலாம். சுண்ணாம்பு மணல் உடனே நுரைக்கும். வடகிழக்கே ஸ்காட்லாந்து மாவட்டம் என்ற பகுதியில் சுண்ணாம்புப் போர்வை அரித்துப்போய், அடியிலிருக்கும் பழைய படிவுப் பாறை வெளியே நிற்கிறது. தென் அமெரிக்க ஆறுகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கொட்டிய மணலும் களிமண்ணும் மேலே தள்ளப்பட்டு உருவான நிலம் அது. அந்தக் கரை மணல் பழுப்பாக இருக்கும், குவார்ட்ஸ் கலந்திருக்கும், நுரை குறையும். காலுக்கும் வித்தியாசம் தெரியும்: வெள்ளை மணல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நண்பகலிலும் ஓரளவு நடக்கலாம், பழுப்பு மணலில் செருப்பு வேண்டும்.

தெற்குக் கரையில் ஒரே கடற்கரைக்குள்ளேயே குணம் மாறும். ஆய்ஸ்டின்ஸ் அருகே மயாமி பீச்சில் ஒரு பக்கம் அமைதி, முனையைத் தாண்டிய மறுபக்கம் அலை. அக்ரா என்று அழைக்கப்படும் ராக்லியில் சிறு பலகையோடு அலையில் சறுக்கலாம். தென்முனையில் சில்வர் சேண்ட்ஸில் காற்று கரையோரமாகவே வீசுவதால் பட்டம் கட்டிச் சறுக்குபவர்கள் கூடுகிறார்கள். அங்கே குளிக்கப் போவதில் அர்த்தமில்லை. பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் பே பிறை வடிவம், மேற்கு நோக்கியது. ஆழம் குறைந்த இடத்திலேயே மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றில் பெர்வின் என்ற இழுவைக்கப்பல் 1919-இல் மூழ்கியது. முதல் நாள் எங்கே போவது என்று தெரியாதவருக்கு நான் சொல்வது கார்லைல் பேதான்.

கிழக்கில் நீந்தக் கூடாது என்பது பொதுவிதி. காரணம் அலை உயரம் மட்டுமல்ல. உடைந்த அலைகள் கரையில் குவிக்கும் தண்ணீர் எங்காவது ஒரு பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த இழுப்பு ஓட்டம் சில நேரம் நொடிக்கு 2 மீட்டரை எட்டும். 100 மீட்டரை 47 விநாடியில் கடக்கும் ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமே நொடிக்கு 2.1 மீட்டர்தான். பள்ளம் ஆழமாக இருப்பதால் அந்த இடத்தில் அலை உடையாது. வெள்ளை நுரைக்கு நடுவே நுரையில்லாத கருநீலப் பட்டையாகத் தெரியும். விவரம் தெரியாதவர் ‘இங்கேதான் அமைதியாக இருக்கிறது’ என்று அதற்குள்ளேயே இறங்குவார். இறங்குமுன் உயரமான இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள்; பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும் என்பதால் ஐந்து நிமிடம் போதாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை இருக்கும் இடத்துக்கு வந்து, அலையோடு திரும்புங்கள்.

பொதுவிதிக்கு விலக்கு, செயின்ட் ஜான் பகுதியிலுள்ள பாத். கிழக்குக் கரைதான், ஆனால் வெளியே ஒரு பவளத்திட்டு தடுப்புச்சுவர் போல நிற்கிறது. அலை தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும். திட்டின் மேல் ஒரு மீட்டர் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் இரண்டு மீட்டர் அலை முழுதாக உள்ளே வர முடியாது. ஓதம் ஏறும்போது திட்டின் மேல் ஆழம் கூடும், உள்ளே வரும் அலையும் கூடும். அதனால் பாத்துக்கும் பாத்ஷீபாவின் பாறைக் குளங்களுக்கும் ஓதம் இறங்கியிருக்கும் வற்று நேரத்தைப் பார்த்துப் போவது நல்லது.

2011-க்குப் பிறகு இந்தக் கணக்கில் சர்காசம் என்ற மிதக்கும் பழுப்புப் பாசியும் சேர்ந்துகொண்டது. 2018-இல் ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கி.மீ. நீளத்துக்கு அது படர்ந்திருந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. எடை 2 கோடி டன்னுக்கு மேல். காற்றும் ஓட்டமும் தள்ளிவருவதால் கிழக்கு, தெற்குக் கரைகளில்தான் குவியும். கோடைக் காலத்தில் தென்கிழக்குக் கரையின் கிரேன் பீச், பாட்டம் பே படங்களை நம்பிப் புறப்படுமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஒதுங்கியது அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், தலைவலி. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மேற்கிலும் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். கனமழைக்குப் பிறகு ஓடைகள் சாக்கடை நீரையும் சேர்த்துக் கடலில் தள்ளும். தண்ணீர் பழுப்பாக இருந்தால் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பாறை ஓரங்களில் நீண்ட கருமுள் கடல் முள்ளெலி இருக்கும், உள்ளூர்க்காரர்கள் அதை ‘காப்ளர்’ என்பார்கள். மிதித்தால் முள் தோலுக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். கரையோர மான்சினீல் மரத்தின் காய் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கும். காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்புளமாக்கிவிடும். பல மரங்களில் எச்சரிக்கைக்காகச் சிவப்புச் சாயப் பட்டை பூசியிருப்பார்கள். பூசாத மரமும் இருக்கும்.

கடற்கரைகள் எல்லாமே பொதுச்சொத்து. மேற்கில் பங்களாக்களும் ஹோட்டல்களும் சுவர்போல மறைத்தாலும் நடுநடுவே சந்துகள் உண்டு, அவற்றின் வழியே யாரும் இறங்கலாம். பணம் கேட்பது நாற்காலிக்கும் குடைக்கும்தான். மேற்குக் கரைப் பேருந்துகள் பிரிட்ஜ்டவுனின் பிரின்சஸ் ஆலிஸ் நிலையத்திலிருந்தும், தெற்கு, கிழக்குப் பேருந்துகள் ஃபேர்சைல்ட் தெருவிலுள்ள நிலையத்திலிருந்தும் கிளம்பும். காலை வெயில் முகத்தில் படும் கிழக்கை முற்பகலிலும், சூரியன் கடலில் இறங்கும் மேற்கை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே இருட்டத் தொடங்கிவிடும். பாத்ஷீபாவில் இறங்கும்போதே திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் பாறைப் பக்கம் நடக்க வேண்டும்.