வினையரவை: அரைக்கும்போதே பிறக்கும் நைட்ரைடு

ஆங்கிலத்தில் 'ரியாக்டிவ் பால் மில்லிங்'. உலோகத் தூளையும் எஃகுக் குண்டுகளையும் ஒரு கலனில் போட்டு, காற்றை வெளியேற்றி, நைட்ரசனோ அம்மோனியாவோ நிரப்பி மூடி, பல மணி நேரம் சுழற்றும் முறை. தூள் பொடியாவதோடு வாயுவுடன் சேர்ந்து நைட்ரைடாகவும், அதாவது உலோகமும் நைட்ரசனும் இணைந்த சேர்மமாகவும், மாறத் தொடங்கும். வெறும் 'அரவை' என்றால் பாதி வேலையைத்தான் சொன்னதாகும்.

அரைப்பதால் எப்படி வேதிவினை நடக்கும்? நைட்ரசன் மூலக்கூற்றின் இரண்டு அணுக்களையும் முப்பிணைப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிரிக்க மோலுக்கு ஏறக்குறைய 945 கிலோஜூல் வேண்டும். உலோகத் தூளின் மேலோ, டைட்டானியத்தை எடுத்துக்கொண்டால், ஆக்சைடுப் படலம் போர்த்தியிருக்கும். குண்டுகள் மோத மோத, துகள் நசுங்கும், உடையும், ஒட்டும், மறுபடி உடையும். ஒவ்வொரு உடைப்பிலும் படலம் இல்லாத புதுப் பரப்பு திறக்கிறது. நைட்ரசன் அங்கே படிந்து, அணுக்களாகப் பிரிந்து, சிதைந்த உலோகத்துக்குள் இறங்குகிறது. அப்புறம் அந்தத் தூளை நைட்ரசனிலேயே சூடேற்றினால் மிஞ்சிய உலோகமும் வினைபுரியும், படிகமும் சீராகும். அரைக்காத தூளுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த வெப்பம் போதும். இதில் இரண்டு தொல்லைகள் உண்டு: தேயும் குண்டுகளிலிருந்து இரும்பு தூளில் கலக்கும், கலனைச் சட்டென்று திறந்தால் நுண்தூள் காற்றில் தீப்பற்றக்கூடும்.

'மில்' என்பதன் வேர் லத்தீன் 'மோலா', திரிகைக்கல். நமக்கு 'அரவை' இருக்கிறது. 'நைட்ரைடு' கதை வேறு. 1790-இல் பிரெஞ்சு வேதியியலாளர் சாப்டால் நைட்ரசன் வாயுவுக்கு 'நைட்ரஜன்' என்று பெயர் வைத்தார்; வெடியுப்பை உண்டாக்குவது என்று பொருள். இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே சொன்னது 'அசோட்', உயிரற்றது. 'ஐடு' என்ற ஈறு 'ஆக்சைடு' பார்த்து வந்தது.

சரி, வெடியுப்பை வைத்தே தமிழில் ஒரு பெயர் ஆக்கலாமா? வேண்டாம் என்பேன். டைட்டானியம் நைட்ரைடு ஏறக்குறைய 2,950 டிகிரி செல்சியஸ் வரை உருகாத, பொன்னிறப் பொருள். அதற்கு 'வெடி' ஒட்டினால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார். நைட்ரைடு அப்படியே இருக்கட்டும். செய்முறைக்குத்தான் தமிழ்ச் சொல் தேவை: வினை + அரவை, நடுவே யகர உடம்படுமெய், வினையரவை. சூடேற்றும் கட்டத்துக்கு 'வெப்பப் பதப்படுத்தல்' போதும். "டைட்டானியத் தூளை நைட்ரசனில் வினையரவை செய்து, பின் வெப்பப் பதப்படுத்தினர்" என்று எழுதிப் பாருங்கள்.