தாய்மாமன்கள் ஏன் குறைகிறார்கள்?

தமிழ்நாட்டில் காதுகுத்து என்றால் முதலில் தேடுவது தாய்மாமனைத்தான். மொட்டை போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர். தோடு வாங்கி வருவதும் தட்டுவரிசை எடுத்து வருவதும் அவர் பொறுப்பு. அம்மாவுக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு தங்கை என்றால் என்ன செய்வார்கள்? அம்மாவின் பெரியம்மா மகனையோ சித்தி மகனையோ கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். அவரும் மனம் நிறைந்துதான் செய்கிறார். ஆனால் அப்படி உட்கார ஓர் ஒன்றுவிட்ட அண்ணன்கூட இல்லாத வீடுகள் இனிக் கூடிக்கொண்டே போகும். ஏன் என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் யாரும் போட்டுப் பார்த்துவிடலாம்.

எல்லாத் தம்பதிக்கும் சரியாக நான்கு பிள்ளைகள், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு உடன்பிறந்தோர் 3 பேர். அம்மா பக்கம் மூன்று, அப்பா பக்கம் மூன்று என்று மாமா, சித்தி, அத்தை, பெரியப்பா வகையில் 6 பேர். அந்த ஆறு பேருக்கும் நான்கு நான்கு பிள்ளைகள் என்றால், அந்தச் சுற்றில் மட்டும் 24 பேர். இப்போது நான்கை இரண்டாக்கிப் பாருங்கள். உடன்பிறப்பு 1, மாமா அத்தை வகையில் 2, அவர்கள் பிள்ளைகள் 4. வீட்டுக்குப் பிள்ளைகள் பாதியாகத்தான் குறைந்தன. ஆனால் மாமா பிள்ளை, சித்தி பிள்ளை என்ற சுற்று ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தொடர்ந்து இரண்டு தலைமுறைக்கு ஒற்றைப் பிள்ளை என்றால் இந்த மூன்று எண்ணிக்கையுமே பூஜ்யம்.

தாய்மாமன் கணக்கு இன்னும் கூர்மையானது. நான்கு பிள்ளை வீட்டில் பிறந்த அம்மாவுக்கு உடன்பிறந்த மூவருமே பெண்ணாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அதாவது எட்டுக் குழந்தைகளில் ஏழு பேருக்குச் சொந்தத் தாய்மாமன் ஒருவராவது இருப்பார். இரண்டு பிள்ளை வீட்டில் பிறந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு ஆணாக இருக்கும் வாய்ப்பு பாதிதான். ஆக, பாதிக் குழந்தைகளுக்கு மாமன் மடி இல்லை.

முறைப்பெண், முறைமாப்பிள்ளை விஷயமும் இதே வழியில்தான் போகிறது. நான்கு பிள்ளைக் காலத்தில் ஒருவருக்கு மாமன் மக்கள், அத்தை மக்கள் சராசரியாக 12 பேர். அவர்களில் எதிர்ப்பால் 6. இரண்டு பிள்ளைக் காலத்தில் அந்த 6 என்பது 1 ஆகிவிடுகிறது. பத்தில் நான்கு பேருக்கு அந்த ஒருவரும் கிடையாது. இருந்தாலும் வயது பொருந்த வேண்டும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேற்பட்ட திருமணங்கள் இன்னமும் சொந்தத்தில்தான் நடந்தவை. இந்தியாவிலேயே மிக அதிகமான அளவுகளில் இது ஒன்று. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் மரபுவழி நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த அறிவுரை செய்யாததை இந்தக் கணக்கு செய்யும்போல இருக்கிறது.

நிஜத்தில் எல்லா வீட்டிலும் ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் இருப்பதில்லை, அதனால் உண்மை இவ்வளவு சீராக இருக்காது. ஆனால் போக்கு இதுதான். ஜெர்மனியில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வில் உலகம் முழுவதற்கும் இதைக் கணித்தார்கள். 1950ல் 65 வயதுப் பெண் ஒருவருக்கு உயிரோடிருந்த உறவினர் சராசரியாக 41 பேர். 2095ல் அதே வயதுப் பெண்ணுக்கு 25 பேர்தான் இருப்பார்கள். எண்ணிக்கை மட்டும் மாறவில்லை, யார் யார் என்பதும் மாறுகிறது. பக்கவாட்டில் இருந்த அத்தை, மாமா, ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள் குறைகிறார்கள். செங்குத்தாக மேலே இருக்கும் தாத்தா, பாட்டி, கொள்ளுப்பாட்டி கூடுகிறார்கள். ஆலமரமாக விரிந்திருந்த குடும்பம் பனைமரமாக உயர்கிறது.

சரி, இந்த மாற்றம் எப்படி வந்தது? ஆயுள் கூடியதால்தான் சமூகம் முதுமை அடைகிறது என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. ஒரு நாட்டில் ஆயுள் கூடத் தொடங்கும்போது முதலில் பிழைப்பது கிழவர்கள் இல்லை, கைக்குழந்தைகள். அம்மை, காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு எல்லாம் அதிகம் வாரிக்கொண்டு போனது குழந்தைகளைத்தான். அந்தச் சாவுகள் குறைந்தால் மக்கள்தொகையில் சிறுவர்கள் கூடுகிறார்கள், சமூகம் இன்னும் இளமையாகிறது. சமூகத்துக்கு வயதாவது பெரும்பாலும் பிறப்பு குறையும்போதுதான். கீழ்ப்படி ஒடுங்கினால், ஏற்கெனவே பிறந்து மேலே ஏறியவர்களின் பங்கு தானாகப் பெரிதாகிறது.

இதற்குச் சான்று நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி ஆயுள் பீகாரைவிட மூன்று நான்கு ஆண்டுகள்தான் கூடுதல். ஆனால் 2021க்கான அரசின் மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்களின் பங்கு பீகாரில் 7.7 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6 சதவீதம். மூன்று நான்கு ஆண்டு ஆயுளால் இவ்வளவு பெரிய இடைவெளி வராது. பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8 என்பதில்தான் விடை இருக்கிறது. பிறப்பு இறப்பைக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் அளவு இன்னும் கீழே, 1.4.

இவ்வளவு விரைவில் இங்கே வந்து சேர்ந்ததற்குப் பல காரணங்கள் ஒன்றுகூடின. 1930களிலேயே கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்கு அவசியம் என்று பெரியார் எழுதினார், பேசினார். 1956லேயே சென்னை மாநிலம் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பள்ளியில் மதிய உணவு வந்தது, பெண்பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது. எல்லாவற்றையும்விடப் பெரியது குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ல் அது 13. பெற்ற இரண்டும் தங்கும் என்று தெரிந்த தாய் மூன்றாவதை நினைப்பதில்லை. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு, இருபத்தைந்து வயதுவாக்கில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புவது தமிழ்நாட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் செய்துகொண்டவர்கள். இந்த மாற்றத்தின் உடல்வலியில் பெரும்பகுதியைப் பெண்கள்தான் சுமந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

இங்கே எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. ஏழெட்டுப் பிள்ளைகள், வீடு நிறைய மாமன் மச்சான் என்ற அந்தப் பெரிய சொந்தக்கூட்டம் ஆதிகாலம் முதல் இருந்தது என்று நம்புகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1911ல் ஏறக்குறைய 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை, 1918 விஷக்காய்ச்சலுக்குப் பிறகு 1921ல் 25.1 கோடி. பத்தாண்டில் கூடவே இல்லை. ஒரு சமூகம் கூடாமலும் குறையாமலும் நிற்கிறது என்றால், ஒரு தாய் ஆறு பெற்றாலும் ஏழு பெற்றாலும் வளர்ந்து ஆளாகிறவர்கள் சராசரியாக இரண்டு பேர்தான் என்று பொருள். அன்றைய சராசரி ஆயுள் 25ஐக்கூட எட்டவில்லை. ஆக, நம் முப்பாட்டன் காலத்திலும் பல குழந்தைகளுக்குத் தாய்மாமன் இருந்திருக்க மாட்டார்; பிறந்திருப்பார், தங்கியிருக்க மாட்டார்.

பிறப்பு பழைய அளவிலேயே இருக்க, சாவு மட்டும் குறைந்த ஓர் இடைவெளி உண்டு. ஏறக்குறைய 1930களில் தொடங்கி 1970கள்வரை பிறந்தவர்கள் அந்த இடைவெளியில் வந்தவர்கள். பெற்ற ஐந்தில் மூன்று நான்கு தங்கிய வீடுகள் அவை. பந்தி பந்தியாகச் சாப்பிட்ட கல்யாணம், பட்டியல் நீண்ட மொய் நோட்டு, கோடை விடுமுறையில் பாட்டி வீடு நிறையக் குழந்தைகள் என்று நாம் பழமை என்று ஏங்குவதில் பெரும்பகுதி இரண்டு மூன்று தலைமுறைக்கு மட்டும் வாய்த்த ஒரு செழிப்பு. அது மருத்துவமும் உணவும் தந்தது. அதே மருத்துவமும் உணவும்தான் பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் தைரியத்தையும் கொடுத்தன.

அப்படியானால் முப்பாட்டன் காலத்துக்கே திரும்பிவிட்டோமா? இல்லை. அன்று பக்கவாட்டிலும் ஆள் குறைவு, மேலேயும் ஆள் குறைவு. தாத்தாவைப் பார்த்த நினைவே இல்லாமல் வளர்ந்தவர்கள் ஏராளம். இன்று கொள்ளுப்பாட்டி மடியில் குழந்தை உட்காருகிறது. 22 வயதில் பெற்று, மகளும் 22ல் பெற்று, பேத்தியும் அப்படியே என்றால் 66 வயதில் கொள்ளுப்பாட்டி ஆகிவிடலாம். இதுவும் நிலையானது இல்லை. படித்து, வேலைக்குப் போய், 32ல் முதல் குழந்தை என்ற வழக்கம் தொடர்ந்தால் கொள்ளுப்பாட்டியாக 96 வயது ஆக வேண்டும். பனைமரத்தின் உயரம் ஆயுளை மட்டும் பொறுத்ததில்லை, எந்த வயதில் பெறுகிறோம் என்பதையும் பொறுத்தது.

உயரமான, ஒல்லியான குடும்பத்தில் சுமை எங்கே விழுகிறது என்று பார்த்தால், நடு வயதுப் பெண்ணின் மேல். அண்ணன் வீட்டில் ஆறு மாதம், தம்பி வீட்டில் ஆறு மாதம் என்று முறை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள உடன்பிறப்பு வேண்டும். ஒற்றை மகளுக்கு யாரிடம் முறை மாற்றுவது? அம்மாவுக்கு 82, அவளுக்கு 58. காலையில் அம்மாவுக்கு மாத்திரையை எடுத்து வைத்து, சர்க்கரை பார்த்து, குளிப்பாட்டிவிட்டு, பத்து மணிக்கு மகள் ஆபீசிலிருந்து போன் செய்தால் பேரக்குழந்தைக்கு எப்போது சாப்பாடு கொடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கே முட்டிவலி. மாமியாருக்கும் வேறு பிள்ளை இல்லை என்றால் இது இரட்டிப்பாகிறது. ஒற்றைப் பிள்ளைக் கொள்கையை 1980 முதல் 2015வரை நடத்திய சீனாவில் இப்போது இதுதான் பெரிய கவலை: தாத்தா பாட்டி நான்கு, அப்பா அம்மா இரண்டு, கீழே ஒருவர்.

முதுமையில் தனித்து நிற்பவர்களிலும் பெண்களே அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். கணவர் பெரும்பாலும் சில ஆண்டுகள் மூத்தவர். இந்தியாவில் 60ஐத் தாண்டிய பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மனைவி கையால் கஞ்சி குடித்துக் கணவர் போய்ச் சேர்கிறார். அப்புறம் அந்த மனைவிக்கு யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

ஜப்பான் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தது. மருமகள்தான் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் இனி நடக்காது என்று உணர்ந்து, 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். 40 வயதானதும் எல்லோரும் கட்ட வேண்டும். பின்னாளில் குளிப்பாட்டிவிட, சமைத்துக் கொடுக்க ஆள் வீட்டுக்கு வருவார். தென் கொரியா 2008ல் இதே வழியைப் பிடித்தது. ஆனாலும் ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம் இருந்தன. நான்கு முதியவர்களின் இரண்டு வீடும் ஒரே பேரனுக்கு வந்தால், அவன் வேறு ஊரில் இருந்தால், பூட்டுத்தான் தொங்கும். நம் கிராமங்களிலும் அந்தப் பூட்டுகள் தெரியத் தொடங்கிவிட்டன.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி எல்லோர் மேலும் வைக்கிறது. ஆனால் பிள்ளை இல்லாதவருக்கு அந்தச் சட்டம் சுட்டிக்காட்டுவது அவர் சொத்துக்கு வாரிசாகும் உறவினரை. சொத்தும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் இருப்பவருக்கு அது எந்த உறவினரையும் காட்டவில்லை. பக்கவாட்டு உறவுகள் மெலிய மெலிய இப்படிப்பட்டவர்கள் கூடுவார்கள்.

2036ல் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 60ஐத் தாண்டியிருப்பார் என்று அதே அரசு மதிப்பீடு சொல்கிறது. அப்போது முதுமைக்குள் நுழைபவர்கள் 1970களில் பிறந்தவர்கள்: தங்களுக்கு மூன்று நான்கு உடன்பிறப்பு, ஆனால் பெற்றது ஒன்று அல்லது இரண்டு. அவர்கள் எழுபதைத் தாண்டும்வரை அக்கா தங்கை, அண்ணன் தம்பி துணை இருக்கும். எண்பதில் அந்த உடன்பிறப்புகளும் எண்பதில்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பிந்தைய தலைமுறைக்கு அதுவும் இருக்காது. 2027ல் எடுக்கவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு கூரையின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணும். தனியாக இருக்கும் மூதாட்டிக்கு வெளியே எத்தனை உறவுகள், எவ்வளவு தூரத்தில் என்று எண்ணுவது அதன் வேலை இல்லை. அதை மாநில அரசு தனியாக, ஊர் ஊராகக் கேட்டுக் குறித்துவைத்தால்தான், எந்த ஒன்றியத்துக்கு எத்தனை செவிலியர், எத்தனை பராமரிப்பாளர் வேண்டும் என்று 2036க்கு முன்பே திட்டமிட முடியும்.